கே2-18பி: பட்டியலில் இல்லாத ஆசாமி

2025 ஏப்ரல் 17 அன்று எனக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. "சார், நீங்க தண்ணி இருக்குன்னு சொன்னீங்களே, அந்தக் கிரகத்துல இப்ப உயிரும் இருக்காமே!"

அனுப்பியவன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். 2019-ல் அவன் பள்ளிக்கு வானியல் பற்றிப் பேசப் போயிருந்தேன். அந்த செப்டம்பரில்தான் கே2-18பி என்ற கிரகத்தில் நீராவி இருப்பதாக அறிவித்திருந்தார்கள். நானும் அப்படியே சொல்லிவிட்டு வந்தேன். அவன் அதை ஆறு வருடம் நினைவில் வைத்திருக்கிறான். அன்று அவனுக்கு "பொறுத்துப் பார்ப்போம் தம்பி" என்று மட்டும் பதில் போட்டேன். அது பதிலே இல்லை. ஆய்வுக் கட்டுரையையும் அதன் மீது வந்த மறுப்புகளையும் படித்தபின், சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆளைப் பற்றி. சிம்ம ராசி மண்டலத்தில், சுமார் 124 ஒளியாண்டு தொலைவில் ஒரு செங்குறுமீன். அதை 33 நாளைக்கு ஒருமுறை சுற்றுகிறது கே2-18பி. எடை பூமியைப் போல 8.6 மடங்கு, ஆரம் 2.6 மடங்கு. கிரகம் தன் நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும்போது ஒளி துளியூண்டு குறையும். கிரகத்தின் காற்றில் எந்த வாயு இருக்கிறதோ, அதற்குரிய அலைநீளங்களில் இன்னும் ஒரு பொட்டு கூடுதலாகக் குறையும். அந்தப் பொட்டைத்தான் எல்லாரும் தேடுகிறார்கள்.

2019-ல் ஹபிள் தொலைநோக்கி பார்த்தது 1.4 மைக்ரான் அருகே ஒரு மேட்டை. நீராவி அங்கே ஒளியை உறிஞ்சும். அதனால் நீராவி என்றார்கள். ஆனால் மீத்தேனும் அதே இடத்தில் உறிஞ்சும். ஹபிளுக்குத் தெரிந்த அலைநீள ஜன்னல் சின்னது. அதற்குள் இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். 2023-ல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அகலமான ஜன்னல் வழியாகப் பார்த்தபோது மீத்தேன் தெளிவாகத் தெரிந்தது. கார்பன் டை ஆக்சைடும் இருப்பதாக ஆய்வாளர்கள் சொன்னார்கள். நீராவியை நம்பிக்கையோடு காட்ட முடியவில்லை. தடயம் பொய்யில்லை, ஆள்தான் மாறிப்போச்சு.

இதை நினைவில் வைத்துக்கொண்டு 2025 கட்டுரைக்கு வருவோம்.

கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழு இந்த முறை ஜேம்ஸ் வெப்பின் மிரி கருவியால் 6 முதல் 12 மைக்ரான் வரை பார்த்தது. டைமெதில் சல்பைடு (டிஎம்எஸ்), அல்லது டைமெதில் டைசல்பைடு, அல்லது இரண்டுமே இருப்பதற்கான அறிகுறி கிடைத்ததாக எழுதினார்கள். பூமியில் டிஎம்எஸ்ஸை முக்கியமாக உண்டாக்குவது கடலின் நுண்பாசிகள். கடற்கரை வாசத்தில் அதற்கும் பங்குண்டு. அறிகுறியின் வலு மூன்று சிக்மா. பல்கலைக்கழகச் செய்திக்குறிப்பு இதை, தற்செயலாக நடந்திருக்க வாய்ப்பு 0.3 சதவீதம் என்று விளக்கியது.

எனக்குச் சண்டை இந்த 0.3 சதவீதத்தோடுதான். இதைப் படிக்கும் யாரும் "அப்போ 99.7 சதவீதம் உறுதி" என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். என் மாணவனும் அப்படித்தான் எடுத்துக்கொண்டான். உண்மையில் அந்த எண் வேறொரு கேள்விக்கான பதில்: நாம் எடுத்துக்கொண்ட மாதிரியில் இந்த இரண்டு மூலக்கூறுகளும் இருந்தால் தரவு நன்றாகப் பொருந்துகிறதா, இல்லாவிட்டாலா? அதாவது இது ஒரு அடையாள அணிவகுப்பு. வரிசையில் நிற்பவர்களில் யார் சாட்சி சொன்ன சாயலுக்கு அதிகம் ஒத்துப்போகிறார் என்று மட்டும் அது சொல்லும். உண்மையான ஆள் வரிசையிலேயே நிற்கவில்லை என்றால் எத்தனை சிக்மா வந்தும் பயனில்லை.

இதைச் சோதித்துப் பார்த்தும்விட்டார்கள். தரவு பொதுவில் கிடைத்ததால் ஒரே வாரத்தில் ஆக்ஸ்ஃபோர்டின் ஜேக் டெய்லர் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டார்: இந்த நிறமாலையில் மேடு பள்ளம் ஏதாவது இருக்கிறதா? எந்த வாயுவையும் முன்வைக்காமல் பார்த்தால், ஒரு நேர்கோடே போதுமான அளவு பொருந்துகிறது என்றார். பிறகு லூயிஸ் வெல்பேங்க்ஸ் குழு பட்டியலை 90 மூலக்கூறுகளாக நீட்டியது. வேறு பல ஹைட்ரோகார்பன்களும் அதே அளவுக்கோ, இன்னும் நன்றாகவோ பொருந்தின. மதுசூதன் குழுவே பின்னர் 650 மூலக்கூறுகளைச் சோதித்தது. டிஎம்எஸ் அதிலும் தாக்குப்பிடித்தது, சரிதான். ஆனால் வேறு சிலவும் கூடவே நின்றன.

இதற்கும் மேலே இன்னொரு படி இருக்கிறது. டிஎம்எஸ்தான் என்றே வைத்துக்கொள்வோம். 67பி வால்மீனில் ரோசெட்டா விண்கலம் எடுத்த தரவிலும் டிஎம்எஸ் இருக்கிறது. அங்கே பாசி எதுவும் இல்லை. ஆய்வகத்தில் வாயுக் கலவையின் மீது புற ஊதா ஒளியைப் பாய்ச்சினாலும் அது உருவாகிறது.

மதுசூதன் குழுவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதல்ல என் நோக்கம். கண்டுபிடித்துவிட்டோம் என்று அவர்கள் சொல்லவில்லை. ஐந்து சிக்மாவைத் தொட இன்னும் 16 முதல் 24 மணி நேர நோக்கு தேவை என்றார்கள். உயிர் சாராத வேதியியலும் காரணமாக இருக்கலாம் என்றார்கள். அடுத்தவர்கள் சோதிக்கும்படி தரவும் திறந்திருந்தது. நல்ல அறிவியல் நடக்க வேண்டிய விதம் இதுதான்.

என் குறை, எண்ணைச் சொன்னவர்கள் பட்டியலைச் சொல்லவில்லை என்பதுதான். "இந்தச் சிறிய பட்டியலுக்குள் தேடியதில் இவர்தான் அதிகம் பொருந்துகிறார், பட்டியலை நீட்டினால் மாறலாம்" என்று ஒரு வரி செய்திக்குறிப்பில் இருந்திருந்தால் தலைப்புச் செய்தி கொஞ்சம் சுவாரசியம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். அதுவும் இதே கிரகத்தில், ஆறு வருடத்துக்கு முன் ஒரு தடயத்தைத் தவறான ஆளின் தலையில் கட்டிய பிறகு, அந்த வரி கட்டாயம் இருந்திருக்க வேண்டும். கூடுதல் நோக்கு நேரம் மேட்டை உறுதிப்படுத்தலாம். மேடு யாருடையது என்பதை அது மட்டும் சொல்லிவிடாது. 1.4 மைக்ரான் மேடும் உண்மையானதுதானே?

அந்தக் குறை எனக்கும் உண்டு. 2019-ல் அந்த வகுப்பறையில் மீத்தேன் என்ற சொல்லையே நான் உச்சரிக்கவில்லை. "தண்ணீர்" என்றதும் பிள்ளைகளின் முகம் மலர்ந்தது, அது எனக்குப் பிடித்திருந்தது.

இந்தப் பதிவை எழுதும் முன் அவனுக்குப் போன் செய்து இவ்வளவையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான்: "அப்ப தண்ணியும் இல்லையா சார்?"

"இருக்கலாம் தம்பி. ஆனா நான் அன்னிக்குச் சொன்ன ஆதாரம் தண்ணியோடது இல்ல" என்றேன்.