பின்பக்கம் யாருடையது?

இடைக்கால ரோமின் வெள்ளிக்காசுகளைப் பட்டியலிடும் நூல்களோடு எனக்கொரு சண்டை உண்டு. பெரும்பாலும் அவை போப்புகளின் வரிசையில்தான் போகும். இன்ன போப், அவர் காலத்துக் காசு. அடுத்த போப், அடுத்த காசு. பேரரசர் பெயர் விளக்கத்தில் ஓரமாக வரும். நானும் அப்படியே நம்பி, ஒரு வாசிப்புக் கூட்டத்தில் ‘போப்பின் காசு’ என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்தேன். தப்பு. பாதிப் பிரதியை வாசித்துவிட்டு விமர்சனம் எழுதிய கதைதான்.

மூன்றாம் லியோவின் தினாரியஸை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிராம்கூட வராத மெல்லிய வெள்ளித் தகடு. முகம் கிடையாது, எழுத்து மட்டும்தான். ஒரு பக்கம் விளிம்பைச் சுற்றிப் புனித பேதுருவின் பெயர், நடுவில் லியோவின் பெயரைப் பின்னிய கூட்டெழுத்து. மறுபக்கம் சார்லமேனின் பெயர், ‘கார்லுஸ்’ என்று. 799இல் ரோமில் தாக்கப்பட்டு, பாடர்போர்னுக்கு ஓடி, சார்லமேனின் பாதுகாப்போடு ஊர் திரும்பியவர் லியோ. 800 கிறிஸ்துமஸ் அன்று அதே சார்லமேனுக்கு முடிசூட்டினார். முடி வைத்தவர் பெரியவரா, காப்பாற்றியவர் பெரியவரா? காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் பதில் வராது. ஒருத்தர் தெரியும்போது மற்றவர் தெரியமாட்டார். முன்பக்கம், பின்பக்கம் என்பதெல்லாம் பட்டியல் போட்டவர் கொடுத்த தீர்ப்பு.

என்னை உண்மையில் உலுக்கியது வேறொரு காசு. 924இல் முதலாம் பெரங்கார் இறந்தபின் மேற்கில் பேரரசரே இல்லை. 932 முதல் 954 வரை ரோமைக் கையில் வைத்திருந்தவன் இரண்டாம் ஆல்பெரிக். போப்பும் இல்லை, பேரரசனும் இல்லை. ஆனால் யார் போப் என்று முடிவு செய்தவன் அவன்தான். இரண்டாம் அகாபெட்டஸ் காலத்துக் காசில் போப்பின் பெயரோடு இவன் பெயரும் நிற்கிறது. புது வடிவம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. காலியாகக் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டான், அவ்வளவுதான். போப்புகளின் வரிசையில் அவனுக்குத் தலைப்பு எங்கே போடுவது? பட்டியல் தடுமாறும் அந்த இடம்தான் எனக்குப் பிடித்த இடம்.

மிச்சக் கதை இன்னும் கொடுமை. ஆல்பெரிக்கின் மகன் ஆக்டேவியன் 955இல் பன்னிரண்டாம் ஜான் என்ற பெயரில் போப் ஆனான். எதிரிகள் நெருக்கியதும் ஜெர்மனியிலிருந்து ஓட்டோவை வரவழைத்து, 962இல் பேரரசராக முடிசூட்டினான். அப்பன் பெயர் இருந்த இடத்தில் இப்போது ஓட்டோவின் பெயர். மறுவருடமே ஓட்டோ கூட்டிய சபை ஜானைப் பதவியிலிருந்து இறக்கியது.

அந்தக் காசு இன்றும் பன்னிரண்டாம் ஜானின் பெயரில்தான் பட்டியலில் இருக்கிறது.