அண்ணத்து எலும்பை அளக்கும் மூன்று வழிகள்

பல்லுக்குக் கிளிப் போடும் மருத்துவத்தில் இன்று அண்ணத்துக்கு உள்ள மதிப்பு பெரியது. கடைவாய்ப் பற்களைப் பின்னுக்குத் தள்ளவும், மேல்தாடையை விரிக்கவும் அங்கே சிறு திருகுகளைப் பொருத்துகிறோம். எலும்புக்கு மேலே மூக்குக்குழி இருப்பதால், எத்தனை மில்லிமீட்டர் எலும்பு இருக்கிறது என்பது முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும்.

மூத்த வழி பக்கவாட்டுச் செபலோகிராம், அதாவது தலையைப் பக்கவாட்டிலிருந்து எடுக்கும் எக்ஸ்-ரே படம். 1931இல் அமெரிக்காவில் பிராட்பென்ட்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும் தனித்தனியே நிலைநாட்டியது. வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒன்றின்மேல் ஒன்றாக விழும் படம் என்பதால் இதை ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1999இல் ஜெர்மனியின் வேர்பைன் குழுவினர் காட்டியது இது: நடுக்கோட்டில் உண்மையான எலும்பு, படத்தில் தெரிவதைவிடக் குறைந்தது 2 மி.மீ. கூடுதலாக இருக்கிறது. மூக்குத் தளம் நடுவில் முகடாக எழும்புகிறது. படத்தில் தெளிவாக விழுவதோ முகட்டின் இருபுறமும் உள்ள தாழ்ந்த தளம். ஆக, இந்தப் படம் பிசகினாலும் குறைத்துக் காட்டியே பிசகுகிறது. நோயாளிக்கு அது நல்லது.

நடுக்கோட்டை விட்டு விலகினால் இந்தப் படம் போதாது. வளரும் பிள்ளைகளுக்கு, அண்ணத்தின் இரு பாதிகளும் சேரும் நடுப்பொருத்தைத் தொடத் தயங்கும் மருத்துவர்கள் பக்கத்தில் இடம் தேடினார்கள். 2000இல் வியன்னாவின் பெர்ன்ஹார்ட் குழு சி.டி. குறுக்குவெட்டுகளில் அளந்து, முன்பற்களுக்குப் பின்னுள்ள எலும்புத் துளையிலிருந்து 6–9 மி.மீ. பின்னால், நடுக்கோட்டிலிருந்து 3–6 மி.மீ. தள்ளி உள்ள பகுதியைப் பரிந்துரைத்தது. தட்டைப் படத்தால் இதைச் சொல்லியிருக்கவே முடியாது.

1990களின் இறுதியில் வந்த சிபிசிடி (கூம்புக்கற்றை சி.டி.) அந்த வேலையைப் பல் மருத்துவமனைக்குள்ளேயே கொண்டுவந்தது. விலையாகக் கதிர்வீச்சு. 2012இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டி, செபலோகிராமுக்கு 6 மைக்ரோசீவர்ட்டுக்கும் குறைவு என்றும், பல்-தாடைப் பகுதி சிபிசிடிக்கு 11 முதல் 674 வரை என்றும் தருகிறது. கருவியும் படமெடுக்கும் பரப்பும் மாறினால் அளவு அவ்வளவு மாறும். அதே வழிகாட்டி, பெரிய பரப்பு சிபிசிடியைப் பல் சீரமைப்பில் வழக்கமாக எடுக்கக் கூடாது என்கிறது. நம் நோயாளிகளில் பெரும்பாலோர் சிறுவர்கள் என்பதால் இதை நான் அழுத்திச் சொல்வேன்: செபலோகிராமில் எலும்பு தாராளமாகத் தெரிந்து, திருகும் நடுக்கோட்டில்தான் என்றால் சிபிசிடி வேண்டாம். எலும்பு ஒல்லியாகத் தெரிந்தாலோ, பிளவு அண்ணமாக இருந்தாலோ, உள்ளே முளைக்காத பல் கிடந்தாலோ தயங்காமல் எடுக்கலாம்.

எடுத்த பிறகும் கவனம் வேண்டும். அண்ணத்துக்குச் செங்குத்தாக அளந்த எண்ணும், திருகு இறங்கும் சாய்வில் அளந்த எண்ணும் ஒரே வாயில் வேறுவேறாக வரும். எந்தச் சாய்வு என்று எழுதாத அளவை இன்னொன்றோடு ஒப்பிட வழியில்லை. படத்தை உருவாக்கும் மிகச்சிறு கனசதுரமான கனப்புள்ளியைவிட எலும்பு மெல்லியதாக இருந்தால் விளிம்பே மங்கிவிடும்.

அண்ணத்தின் மேல்தோலையும் இந்தப் படங்களை மட்டும் நம்பி அளக்க முடியாது; நாக்கு ஒட்டியிருந்தால் சிபிசிடியில் இரண்டும் ஒன்றாகிவிடும். மரத்துப்போக ஊசி போட்டபின், ரப்பர் தடுப்பு மாட்டிய மெல்லிய ஊசியை எலும்பில் முட்டும்வரை செலுத்தி அளப்பதுதான் எளிய வழி. 8 மி.மீ. திருகில் 4 மி.மீ. தோலுக்குள்ளேயே நின்றுவிட்டால், எலும்பைப் பிடிக்க மிஞ்சுவது 4 மட்டுமே.