கதையிற் போரும் ஆட்டத்திற் போரும்

கதையினின்று பிறந்த நாடகத்தை ஆராய்வோர், கதையின் உயிர் மேடையில் நிற்கிறதா என்று பார்ப்பர். உடையும் ஒப்பனையும் ஒத்திருந்தால் போதும் என்று விடமாட்டார். கதையினின்று பிறந்த ஆட்டத்துக்கும் அவ்வளவுகோல் பொருந்தும். ஒரு வேறுபாடு உண்டு. நாடகம் காண்பது, ஆட்டம் ஆடுவது. ஆகலின் கதையின் உயிர் ஆட்டத்தின் விதியிலேயே கலந்திருத்தல் வேண்டும். இக்கருத்தை மனத்திற் கொண்டு 'டிராகன் பால் ஃபைட்டர்ஸ்' என்னும் ஜப்பானிய வீடியோ ஆட்டத்தை ஈண்டு ஆராயப் புகுகின்றேன். இஃதும் ஆராய்ச்சிக்குரிய பொருளா என ஆசிரிய நண்பர் சிலர் வினவக்கூடும். நம் மாணவர் மணிக்கணக்கில் மூழ்கிக் கிடக்கும் ஒன்றை, 'வெறும் அடிதடி' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது ஆசிரியர்க்கு அழகன்று.

அகிரா தோரியாமா என்னும் ஓவியர் 1984 முதல் 1995 வரை ஜப்பானிய வார இதழொன்றில் தொடராக வரைந்த சித்திரக் கதை 'டிராகன் பால்'. பழஞ்சீனக் கதையாகிய 'மேற்கு நோக்கிய பயணம்' தந்த குரங்கு வீரனை அடியொற்றித் தொடங்கி, வளர வளர விண்ணுலகப் போராக விரிந்தது அது. தோரியாமா 2024 மார்ச்சில் மறைந்தார். வானில் பறந்து குத்திக்கொள்ளும் வீரரை மட்டும் கண்டவர் அக்கதையின் தொடக்கத்தை அறியார். சிறுவன் கோக்குவும் தோழன் கிரிலினும் ஆமை முனிவர் எனப்படும் கிழவரிடம் மாணாக்கராகச் சேர்கின்றனர். அவர் எடுத்த எடுப்பில் அடிமுறை கற்பிக்கவில்லை. முதுகில் ஆமையோட்டைச் சுமந்தபடி வீடு வீடாகப் பால் கொண்டுபோய்க் கொடுக்கச் செய்தார். வெறுங்கையால் வயலை உழச் செய்தார். பயிற்சியே வலிமை என்பது இக்கதையின் முதல் தூண். தோழமை இரண்டாவது தூண். கிரிலின் கொல்லப்பட்ட துயரிலன்றோ கோக்குவின் கூந்தல் முதன்முதற் பொன்னிறம் கொள்கிறது! இவ்விரு தூண்களும் ஆட்டத்தில் நிற்கின்றனவா என்பதே நம் வினா.

ஆர்க் சிஸ்டம் வொர்க்ஸ் நிறுவனம் ஆக்கிய இவ்வாட்டத்தைப் பண்டாய் நாம்கோ 2018 ஜனவரியில் வெளியிட்டது. அதன் படவழகைப் பற்றி நீட்டிப் பேச வேண்டுவதில்லை. கையால் வரைந்த சித்திரமென்றே காண்போர் மயங்குவர்; உள்ளபடி அவை கணினியில் முப்பரிமாணமாகச் சமைத்த உருவங்கள். 2014இல் 'கில்ட்டி கியர் எக்ஸர்ட்' ஆட்டத்தில் அந்நிறுவனத்தார் கையாண்ட உத்தி இது. ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் இடைப்பட்ட அசைவைக் கணினி வழுவழுவென்று நிரப்ப விடாமல், ஒவ்வொரு நிலையையும் கலைஞரே அமைத்துக் கண நேரம் அப்படியே நிறுத்திவைக்கின்றனர்.

நிற்க. போர் விதிக்கு வருவோம். ஆடுபவர் ஒவ்வொருவரும் மூன்று வீரரைத் தேர்கின்றனர். ஒருவர் களத்தில் நிற்பார். இருவர் துணை நிற்பர். அழைத்தால் துணைவர் பாய்ந்து வந்து ஓரடி கொடுத்து மீள்வர். களத்தினின்று ஓய்வுக்குச் சென்றவர், பட்ட காயத்தில் ஒரு பகுதியை மெல்ல ஆற்றிக்கொள்வார். மூவருக்கும் பொதுவாக 'கீ' எனும் ஆற்றல் ஏழளவு வரை சேரும். அதில் ஓரளவைச் செலவிட்டால் எதிரியின் முன்னே மறைந்து பின்னே தோன்றி உதைக்கலாம். திரைப்படத்தில் நாம் கண்ட அதே மாயம். இனி, யாவர்க்கும் பொதுவான ஒரு பாய்ச்சல் உண்டு. 'சூப்பர் டேஷ்' என்பர். களத்தின் எம்மூலையிலிருந்தும் எதிரியை நாடிப் பறக்கும்; எதிர்வரும் சிறு ஒளிக்குண்டுகளைத் துளைத்துக்கொண்டு செல்லும். புதியவர் இதையே ஓயாமற் செய்வர். குனிந்து மேல்நோக்கி அடிக்கும் வலிய அடி ஒன்று இதற்கு மாற்று. அதை அறிந்தவரிடம் கண்மூடிப் பறப்பவர் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார். வேகமும் வேண்டும், விவேகமும் வேண்டும் என்னும்படி அமைந்த இணை இது.

இவ்வாட்டத்தின் மிகச் சிறந்த விதி 'ஸ்பார்க்கிங்' என்பது. ஓராட்டத்தில் ஒரே முறை மூட்டத்தக்க உள்ளனல் அது. மூட்டியவனுடைய அடியின் வலி மிகும். காயமும் ஆறத் தொடங்கும். மூவரும் நின்றிருக்கையில் மூட்டினால் அவ்வனல் விரைவில் தணியும். தோழர் இருவரும் வீழ்ந்தபின் எஞ்சிய ஒருவன் மூட்டினாலோ நெடுநேரம் நின்றெரியும். கிரிலினை இழந்த கோக்குவின் சீற்றத்தை இதைவிடச் சுருக்கமாக விதியாக்க இயலுமா? ஒரு சொல் பேசாமல், ஒரு காட்சி காட்டாமல், எண்ணளவையால் மட்டுமே கதையின் இரண்டாம் தூணை நட்டுவிட்டனர். ஏழு மணிகளும் சேர்ந்தால் தோன்றும் கடவுள் நாகம், வீழ்ந்த தோழனை உயிர்ப்பிக்கும் வரத்தையும் தருகிறது. அஃது அரிதாகவே நிகழும்.

குறை சொல்ல வேண்டியவற்றையும் சொல்லிவிடுகின்றேன். கதையில் கொடுங்கோலன் ஃபிரீசாவுக்கும் கிரிலினுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆட்டத்தில் கிரிலின் அவனை வெல்லலாம். இதைக் குறையென்று நான் கொள்ளேன். நடுநிலை இல்லாவிடில் ஆட்டமே இல்லை. ஆனால் அந்நடுநிலைக்காகப் பொதுவித்தைகளை எல்லார்க்கும் வாரி வழங்கியதால் வீரர் பலரும் ஒரு முகமாகத் தோன்றுகின்றனர். 2022க்குள் வீரர் தொகை 44 ஆயிற்று. அவருள் கோக்கு ஒருவனே ஐந்து வடிவில் வருகிறான்! கதைப்பகுதியோ வறட்சி. வீரர்களின் போலி உருவங்களை மீண்டும் மீண்டும் அடித்து வீழ்த்துவதைக் கதையென்று பெயரிட்டுவிட்டனர். இப்பகுதியைப் பாதியில் விட்ட மாணவரை நான் குறை கூறமாட்டேன்.

இனி முதல் தூண். ஆசிரியனாகிய எனக்கு இதுவே முதன்மையானது. ஒரே பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினாலே போதும், வீரன் தானே தொடரடி தொடுப்பான். கீ இருப்பின் பேரடியிலும் கொண்டுபோய் முடிப்பான். இத்தானியங்கித் தொடரைப் பழகியவர் பலர் இகழ்வர். நான் இகழேன். எளியதினின்று அரியதற்குச் செல்க என்று பயிற்சிக் கல்லூரியில் படித்தோமே, அம்முறைக்கு இது முற்றும் ஒத்தது. மனப்பாடமாய் ஒப்பிக்கும் குழந்தை பின்னர்ப் பொருளறிவது போல, முதல் நாளே அழகிய போரைத் தன் கையால் நிகழ்த்திய சிறுவன், அவ்வழகு எவ்வாறு அமைந்ததென்று பின்னர்க் கேட்பான்.

கேட்பவனுக்கு விடை எங்கே? தொடரடிப் பாடங்களை ஆட்டம் வரிசையாக வைத்திருக்கிறது. அடிப்பதை நன்றாகவே கற்பிக்கிறது. தடுப்பதைப் பெயரளவுக்குச் சொல்லி விட்டுவிடுகிறது. தேர்ந்த எதிரியிடம் ஒரு முறை அகப்பட்டால் தொடரடி நீண்டுகொண்டே போகும். இடையில் முறித்து வெளியேற வழியில்லை. சிறுவன் கைகட்டிப் பார்த்திருக்கிறான். எதனால் அகப்பட்டோம், எங்கே குனிந்திருக்க வேண்டும், எங்கே பொறுத்திருக்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்வார் இல்லை. முதற் படியும் மேற்படியும் இருக்க, நடுப்படிகளை உருவிய ஏணி இது. எங்கள் தோட்டத்தில் இதை ஆர்வத்தோடு தொடங்கிய பிள்ளைகளுட் பலர் அவ்விடத்தில்தான் நின்றுவிட்டனர். தொல்காப்பியர் பெருமிதம் பிறக்கும் நிலைக்களன் நான்கனுள் கல்வியையும் ஒன்றாக வைத்தார். இவ்வாட்டம் தறுகண்மையைத் தந்த அளவுக்குக் கல்வியைத் தரவில்லை.

இத்தனைக்கும் தடுப்பின் அருமையை ஆக்கியோர் அறியாதவரல்லர். லாஸ் வேகாஸ் நகரில் நடைபெற்ற 'ஈவோ' போட்டியின் இறுதியாட்டத்தில், 2018ஆம் ஆண்டு அமெரிக்கராகிய சோனிக்ஃபாக்ஸ் ஜப்பானியராகிய கோ-இச்சியை வென்றார். 2019இல் கோ-இச்சி அவரை வென்றார். கோ-இச்சி பெயர் பெற்றதே தடுப்பினால்தான். எதிரியும் அவன் துணைவரும் மாறி மாறித் தாக்க, மேலடிக்கு நிமிர்ந்தும் கீழடிக்குக் குனிந்தும் அசையாமற் பொறுத்து, ஓர் இடைவெளி கிடைத்ததும் எழுவார். அப்பொறுமைக்கு இவ்விதிகளில் இடம் இருக்கிறது. அதைக் கற்பிக்கும் பாடம் ஒன்றுதான் ஆட்டத்தினுள் இல்லை. மாணவர் அதை வெளியே, பிறர் ஆடிய ஆட்டங்களைப் பார்த்துத் தேடிக் கற்கின்றனர்.