இளைத்த பாலத்தின் ஆட்டம்

லண்டனில் தேம்ஸ் ஆற்றின் மேல் மிலேனியம் நடைபாலம் 2000 ஜூன் 10 அன்று திறக்கப்பட்டது. இரண்டே நாளில் மூடப்பட்டது. கூட்டம் ஏற ஏறப் பாலம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. சில நேரம் 7 செ.மீ. வரை. கைப்பிடியைப் பற்றியபடி, காலை அகட்டி வைத்து நடந்தார்கள் மக்கள். பாலம் வலுவாகத்தான் இருந்தது. ஆற்றுக் காட்சியை மறைக்காத மெல்லிய வடிவம் கேட்டார்கள், அது கிடைத்தது: 144 மீட்டர் நடு இடைவெளிக்கு வடங்களின் தொய்வு சுமார் 2.3 மீட்டர்தான்.

இப்படிப்பட்ட கட்டுமானங்களுக்கு எடை, விறைப்பு, தணிப்பு (ஆட்டத்தை அடக்கும் திறன்) மூன்றையும் கணினியில் மாற்றி மாற்றிக் கணக்கிட்டு, அதிர்வு குறைவான வடிவத்தைத் தேடுவதை உகப்பாக்கம் என்கிறார்கள். நல்ல முறைதான். வடிவத்தை மாற்றினாலே எவ்வளவு பலன் என்பதற்கு ஓர் உதாரணம்: 508 மீட்டர் உயரத் தைபே 101 கோபுரத்தில் ஆட்டத்தைத் தணிக்க வைத்த 660 டன் உருண்டையைப் பார்க்கக் கூட்டம் அலைமோதுகிறது. கோபுரத்தின் மூலைகளை யார் பார்க்கிறார்கள்? காற்றுச் சுரங்கச் சோதனைக்குப் பிறகு அவற்றைப் படிபோல வெட்டியதில், காற்று கோபுரத்தைச் சாய்க்கும் விசை ஏறத்தாழ கால்வாசி குறைந்தது. உருண்டை, வந்த ஆட்டத்தைத் தணிக்கிறது. மூலை, ஆட்டம் வருவதையே குறைக்கிறது. என் ஓட்டு மூலைக்கே.

ஆனால் எந்த விசையைக் கணக்கில் சேர்க்கிறோமோ அதற்குத்தான் உகப்பாக்கம் விடை தரும். நடப்பவர் தரையைக் கீழ்நோக்கி மட்டுமல்ல, ஒவ்வோர் அடிக்கும் இடமும் வலமுமாகவும் தள்ளுகிறார். பாலம் லேசாக அசைந்தால், விழாமலிருக்க அந்த அசைவுக்கேற்பவே காலை வைக்கிறார், ஆட்டம் வளர்கிறது. பின்னர் மிலேனியம் பாலத்தில் ஆட்களை நடக்கவிட்டுச் சோதித்தபோது, சுமார் 160 பேர் வரை பாலம் அமைதியாக இருந்தது. இன்னும் சிலர் சேர்ந்ததும் ஆட்டம் சட்டென எகிறியது. ஆளுக்கு இவ்வளவு என்று கூட்டிக்கொண்டே போகும் கணக்கில் இப்படியொரு எல்லைக்கோடு தென்படாது.

இது யாருக்கும் தெரியாத விஷயமுமல்ல. ஜப்பானிய நடைபாலம் ஒன்றில் இதே பக்க ஆட்டத்தை அளந்து, யோஸோ ஃபுஜினோ குழுவினர் 1993-லேயே எழுதியிருந்தார்கள். அது அன்றைய வடிவமைப்பு விதிகளுக்குள் நுழையவில்லை. எனவே குறையைக் கணினி மேல் போடுவது நியாயமில்லை.

இன்னொரு பலவீனம், தணிப்பின் அளவு. விறைப்பைக் காகிதத்திலேயே ஓரளவு கணக்கிடலாம். தணிப்பு எவ்வளவு என்பது கட்டி முடித்து அளந்தால்தான் உறுதியாகும். அதுவரை அனுமானம். அந்த அனுமானத்தை நம்பி எடையைக் கடைசிக் கிலோ வரை இளைக்க வைப்பது துணிச்சல் அல்ல, அலட்சியம்.

மிலேனியம் பாலத்தை விறைப்பாக்கினால் அதன் மெல்லிய தோற்றம் கெடும். ஆகவே ஆட்டத்தை அடக்க, பிசுக்குள்ள திரவத்தால் இயங்கும் 37 தணிப்பான்களையும், எடையால் இயங்கும் ஐம்பதுக்கு மேற்பட்ட தணிப்பான்களையும் பொருத்தினார்கள். ஏறத்தாழ 1.8 கோடி பவுண்டில் கட்டிய பாலத்துக்கு மேற்கொண்டு 50 லட்சம் பவுண்டு ஆயிற்று. 2002 பிப்ரவரியில் அது மீண்டும் திறக்கப்பட்டது. மெலிந்த நடைபாலம் கேட்பவர்கள் தணிப்பான்களுக்கான இடத்தையும் பணத்தையும் முதல் வரைபடத்திலேயே ஒதுக்க வேண்டும்.