ஸ்க்ராட்ச் ஜூனியர்: பிள்ளையின் குரலுக்கு இடம் வைத்த செயலி

ஸ்க்ராட்ச் ஜூனியர், 5 முதல் 7 வயது வரையான பிள்ளைகள் தாங்களே அசையும் கதைகளையும் விளையாட்டுகளையும் ஆக்குவதற்கான செயலி. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மரீனா பெர்ஸ் குழுவினரும் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினரும் முன்னின்று உருவாக்க, 2014இல் ஐபேடுக்கும் அடுத்த ஆண்டு ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. இலவசம், விளம்பரம் கிடையாது, நிறுவியபின் இணையம் தேவையில்லை.

வண்ணக் கட்டைகளை இடமிருந்து வலமாகக் கோத்தால் திரையிலுள்ள உருவம் அதன்படி நடக்கும். நீலம் அசைவு, ஊதா தோற்றம், பச்சை ஒலி. கட்டைகளில் பெரும்பாலும் சொற்கள் இல்லை. படமும் எண்ணும்தான். எழுத்துக் கூட்டத் தொடங்காத பிள்ளையும் ஆங்கிலம் அறியாத பிள்ளையும் எவரையும் கேளாமல் கோக்கலாம்.

சில கிழமைகள் வீட்டில் புழங்கியபின் மற்ற எல்லாவற்றையும் விட மேலெழுந்து நிற்பது பச்சைக் கட்டையிலுள்ள ஒலிவாங்கிதான். சிறுவர் செயலிகள் பலவற்றில் யாரோ பேசுவதைப் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கும். இங்கே பேசுவது பிள்ளை. யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றுப் பிள்ளை வரைந்த வள்ளம் "கெதியா வாங்கோ, அங்கால போவம்" என்று அந்த ஊர்ப் பேச்சிலேயே கூப்பிடும். செல்வச்சந்நிதிக் கோயில் மணியோசையைப் பதிந்து தேருக்குக் கொடுக்கலாம். அம்மம்மாவின் குரலைக் கொக்குக்குக் கொடுக்கலாம். பதிந்ததைத் தானே கேட்டு, பிடிக்காமல், திருத்தமாக மறுபடி சொல்லிப் பதியும் பிள்ளைக்கு அதைவிட நல்ல மொழிப் பயிற்சி வேறில்லை.

குறையும் உண்டு. உடன் வரும் உருவங்களும் பின்னணிகளும் பெரும்பாலும் மேலைநாட்டுச் சூழலுக்கு உரியவை. வல்லை வெளியும் வடலியும் அவற்றில் இல்லை. யாழ்ப்பாணப் பிள்ளையின் கதை செயலியோடு வரும் பூனையோடும் அந்நியத் தெருவோடும் நின்றுவிடக் கூடாது. இதற்கு மருந்தும் செயலிக்குள்ளேயே இருக்கிறது: வரைபலகையில் உருவத்தைக் கீறி, கமராவால் எடுத்த படத்தை அதற்குள் நிரப்பலாம். பெரியவர்கள் முதல் நாளிலேயே அதைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

காரண காரிய அறிவும் விளையாட்டினூடே வளர்கிறது. கடல்நீர் நீரேரிக்குள் ஏறாமல் காக்கும் தொண்டைமானாற்றுத் தடுப்பணையையே எடுத்துக்கொள்ளலாம். பிள்ளையின் கதையில் வள்ளம் வந்து முட்டியதும் அணையின் கதவு மறைய வேண்டும். பச்சைக்கொடியை அழுத்தியதும் இரண்டும் ஒன்றாகத் தொடங்கினால், வள்ளம் வருமுன்பே கதவு மறைந்துவிடும். கதவின் தொடக்கத்தில் 'முட்டினால் தொடங்கு' கட்டையை வைத்ததும் ஒழுங்கு சரியாகிறது. எது முதல், எது பிறகு என்பதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிள்ளை கண்டுகொள்கிறது. பெர்ஸ் தம் எழுத்துகளில் அடைப்புக்குள் விடப்பட்ட குழந்தையையும் விளையாட்டுத் திடலில் தன் விருப்பப்படி ஆடவிடப்பட்ட குழந்தையையும் வேறுபடுத்திக் காட்டுவார். இந்தச் செயலி திடலின் பக்கம் நிற்கிறது.

3, 4 வயதினருக்குத் திரைநேரம் நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. ஆகவே முன்பள்ளி வயதினருக்கு இதை அவசரப்பட்டுக் கொடுக்கத் தேவையில்லை. மணலும் தண்ணீரும் முதலில் வரட்டும். முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு, பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்து கேட்கவும் வியக்கவும் முடியுமானால், தயங்காமல் கொடுக்கலாம். செய்த கதைகள் கருவிக்குள்ளேயே சேமிக்கப்படுவதால், செயலியை நீக்குமுன் அவற்றை மின்னஞ்சலில் அனுப்பி வைத்துக்கொள்வது அவசியம். அதே வழியில் கனடாவிலும் லண்டனிலும் உள்ள மச்சான், மச்சாள்மாருக்கும் அனுப்பலாம்.