வெட்ட வெட்டப் பூ

பாலிமர் க்ளே கைக்கு வந்த பிறகுதான் எனக்கு நிறம் பார்க்கவே தெரிந்தது. மிகையில்லை! அதுவரை சிவப்பு என்றால் சிவப்பு, அவ்வளவுதான்.

இதில் மண் துளிகூடக் கிடையாது. பி.வி.சி. பொடி, அதை இளக்கி வைக்கும் திரவம், நிறமி. இவை சேர்ந்த மாவு. காற்றில் காயாது என்பதுதான் பெரிய வரம். ராத்திரி பாதியில் மூடிவைத்த இதழைக் காலையில் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். கெட்டியாக்கச் சுடவேண்டும். ஃபிமோ பிராண்ட் என்றால் 110 டிகிரியில் அரை மணி நேரம், வீட்டு ஓவனே போதும். ஜெர்மனியில் பொம்மைகளுக்குப் பேர்போன கேத்தே குருஸின் மகள் வளர்த்தெடுத்த பொருள் அது. அந்தப் பெண்மணிக்கு ஒரு கும்பிடு!

என்னை ஆளையே மாற்றியது 'கேன்' வேலை. முரானோ கண்ணாடிக் கலைஞர்களின் மில்லெஃபியோரி உத்திதான், க்ளேயில். முதலில் ஸ்கின்னர் பிளெண்ட்: இரண்டு நிறங்களை முக்கோணமாக வெட்டிச் சேர்த்து, ஒரே பக்கமாக மடித்து மடித்து பாஸ்டா மெஷினில் விடவேண்டும். முதலில் வெறும் கோடு கோடாகத்தான் வரும். விட விட, கோடுகள் கரைந்து, கருஞ்சிவப்பு ரோஜா நிறமாகி வெள்ளையில் போய் முடியும். எங்கே மாறியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது! அதைச் சுருட்டி, ஒரு பக்கம் கிள்ளி இதழாக்கி, ஐந்து துண்டாக வெட்டி, மஞ்சள் நடுவைச் சுற்றி அடுக்கி, இடுக்குகளை நிறமில்லாத க்ளேயால் அடைப்பேன். இப்போது உள்ளங்கை அகலத்தில் தடித்த உருளை, அதுதான் கேன். நடுவில் பிடித்து அழுத்தி, திருப்பித் திருப்பி இழுத்தால் பென்சில் கனத்துக்கு மெலியும். நுனிகள் கோணிப்போயிருக்கும், அவற்றைக் கழித்துவிட்டு, கொஞ்சம் ஃபிரிட்ஜில் வைத்து இறுகவிட்டு, பிளேடை நேராக இறக்கினால்...

பூ! சுண்டுவிரல் நகத்தளவில், ஐந்து இதழும் நிழலும் குறையாத பூ. அடுத்த வில்லையிலும் அதே பூ. உருளை தீரும்வரை பூ. முதல் வில்லை விழுந்த அன்று வீடே அதிரக் கத்தினேன். இன்றும் கத்துகிறேன்.

வேலைக்குப் போகிறேன், சமைக்கிறேன், எல்லாம் உண்டு. ஆனால் நான் பிறந்தது இதற்குத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கம்மல், பதக்கம், பேனா உறை என்று கிடைத்ததில் எல்லாம் பூ ஒட்டுகிறேன். அடுத்தது செங்காந்தள். அடியில் மஞ்சள், மேலே ஏற ஏறச் செக்கச்சிவப்பு, விளிம்பெல்லாம் நெளிவு. ஸ்கின்னர் பிளெண்டுக்கென்றே பூத்த பூ! இரண்டு நிறமும் பிசைந்து வைத்தாயிற்று.