ஸதகா கொடுத்த இளவரசன்

எஸ்.ஏ. சக்ரபோர்ட்டியின் 'த சிட்டி ஒஃப் பிராஸ்' 2017இல் வெளியான ஆங்கில நாவல். 18ஆம் நூற்றாண்டுக் கெய்ரோவில் தொடங்கி, ஜின்களின் நகரமான தேவாபாத்தில் போய் நிற்கிறது. 'கதை நகரவே இல்லையே வாப்பா' என்று மகள் பாதியில் மூடி வைத்துவிட்டாள். நான் விடவில்லை, காரணம் இளவரசன் அலி. மனித இரத்தம் கலந்த ஷஃபித் ஏழைகளுக்கென்று, மன்னரான தகப்பனுக்குத் தெரியாமல் காசு கொடுக்கிறான். அதில் ஆயுதமும் வாங்கப்பட்டது பிறகுதான் தெரியவருகிறது. ஸதகா கொடுத்த கைக்குப் பொறுப்பில்லையென்று சொல்லேலுமா? ஆசிரியர் அவசரப்பட்டுப் பதில் தரவில்லை. அரண்மனையில் வாய்திறக்கவும் ஏலாமல் அவனைப் பக்கம் பக்கமாக வேகவிடுகிறார். அதற்கு இந்த மெதுமை வேண்டும். நஹ்ரி விஷயத்தில்தான் பிசகுகிறது: கெய்ரோவில் வைத்தியமும் களவுமாகத் திரிந்த கெட்டிக்காரி, அரண்மனைக்குள் வந்ததும் மங்கிப்போகிறாள்.